எடுக்காமல் விட்ட சிரிப்பு

சமையலறைப் பின்கதவின் அடியிலிருந்து புறப்பட்டு, மேடைக்குக் கீழே இருக்கும் சர்க்கரை டப்பாவுக்குப் போகிற எறும்பு வரிசை, கலையரசி அந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் முதலே இருக்கிறது. மருந்துப் பொடி தூவினாலும் சாக்பீஸ் கோடு கிழித்தாலும் இரண்டு நாள் மானத்துக்கு ஒதுங்கியிருந்துவிட்டு மறுபடி வந்துவிடும், நூல் பிடித்த மாதிரி நேராக. ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அது நேராகப் போகவில்லை. தரையின் நடுவுக்கு வந்ததும் எதையோ கண்டு ஒதுங்கியது போல விலகி, சின்னதாக ஓர் உருண்டை வளைவு போட்டு, சற்று உள்வாங்கி, பிறகு அகலமாக இன்னொரு வளைவு வளைந்து, நீளமாகச் சுற்றிக்கொண்டு மேடைக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் டைல்ஸ். அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே வளைவு.

காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். ஆடி மாதத்தில் அந்தத் தரையில் ஒரு வாளி வெல்லப்பாகு கொட்டியிருந்தது. கொட்டியது ரத்தத்துக்காக.

கலையரசிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பகலெல்லாம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். கூட வேலை செய்கிற பெண்கள் சீரியல் கதை பேசும்போது தலையாட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்து, மகள் ரோஜாவை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அவள் பார்ப்பதெல்லாம் முகமூடி போட்டவன் கத்தியோடு துரத்துகிற படங்கள். பெரிய படங்கள் அல்ல. காசில்லாதவர்கள் காசில்லாமல் எடுத்து யூடியூபில் போட்டுவிட்டுப் போன படங்கள். கணவன் சித்தார்த்தன் கோயம்பேட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் தங்குவான். ஒருநாள் அவள் தோள்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா என்று கேட்டான். அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

பாதிப் படம் வரைக்கும் அவை நன்றாகவே பயமுறுத்தும். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவார்கள், திரைச்சீலைக்குக் கீழே இரண்டு செருப்பு தெரியும், மாடிப்படியில் ஒரு பாத்திரம் உருளும், அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டு, அந்தச் சில்லிப்பு ஒருவித சுகமாகவும் இருக்கும். பிறகு முகமூடி கழன்றுவிடும். உள்ளே கதாநாயகியின் மாமா மகன் இருப்பான். எதற்காகக் கொன்றேன் என்று பத்து நிமிஷம் பேசுவான். பெரிய மல்லாட்டையாகப் பார்த்து உடைத்தால் உள்ளே கடலை சொத்தையாக இருக்கிற மாதிரி அவளுக்குக் கசந்துபோகும். மறுநாள் சாயங்காலம் வேறொன்றை எடுத்து உடைப்பாள்.

ஏமாற்றத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு வேடிக்கை இருந்தது, தப்பு கண்டுபிடிப்பது. வளைகிற ரப்பர் கத்தி, சுவரில் விழுகிற கேமராக்காரன் நிழல். முக்கியமாகச் செத்தவர்கள். எந்தப் படத்திலும் செத்தவனுக்கு ஒழுங்காகச் சாகத் தெரியாது. வயிறு ஏறி இறங்கும், இமை துடிக்கும். அதைக் கண்டதும் அவள் தனியாக உட்கார்ந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் விழுப்புரத்திலிருந்து புகழேந்தி வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிற பையன், சொந்தமாக ஒரு கொலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒலக்கூர் போகிற வழியில் மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவே தனியாக நிற்கிற வீடு என்பதால் அவனுக்குப் பிடித்துவிட்டது. அவன் கேட்டு முடிப்பதற்குள் இவள் சரி என்றாள். சமையலறையில் செத்துக் கிடக்க வேண்டிய பெண் அன்றைக்கு வரவில்லை என்றதும், நான் படுக்கிறேன் என்றும் இவளே சொன்னாள்.

மேக்கப்புக்கு வந்த காந்திமதி விழுப்புரத்தில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். பல படக் கம்பெனிகளில் கூடமாட வேலை பார்த்தவள். வெல்லப்பாகில் சிவப்புப் பொடி கலந்து இவள் கழுத்தில் ஊற்றினாள். கலையரசி கண்ணைத் திறந்தபடி படுத்தாள். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த தப்பு ஒன்றையும் செய்யவில்லை. மூச்சு தெரியவில்லை. கண்ணில் ஓர் எறும்பு ஏறியும் இமை அசையவில்லை. சத்தம் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் அடங்கிப் போனார்கள். வாசலில் நின்ற ரோஜா, அம்மா என்று கத்த வாயெடுத்தாள். ஷாட் ஓடுகிறதே என்று யாரோ அவள் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முடிந்ததும் காந்திமதி ஒரு பேச்சை எடுத்தாள். செத்தவராக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும், சினிமாவில் எந்தக் கம்பெனியும் இதை விடாது என்றாள். புகழேந்திக்கு வேண்டாமென்று இல்லை, ஒரு நிமிஷம் சிரிச்சிடுங்கக்கா என்றான். வேண்டாம் என்றது கலையரசிதான். அவ்வளவு நன்றாகச் செத்திருக்கிறாள். பல்லைக் காட்டி அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. காலி சமையலறையை ஒரு ஷாட் எடுக்க வேண்டியிருந்தது. கலையரசி முகத்தைக் கழுவிக்கொண்டு, டீ கிளாஸோடு கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இது நெசமில்லன்னு அதுக்கு யாரு சொல்றது?" என்று மட்டும் காந்திமதி கேட்டாள். யாருக்கு என்று இவள் கேட்கவில்லை.

அந்தப் படம் இன்றைக்குத்தான் வெளியாகியிருந்தது.

காலையிலிருந்தே விடாத மழை, கடையில் அவளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். நாலரை மணிக்கே வெளிச்சம் செத்துப்போய், கொல்லையிலிருந்து அழுகிய மல்லாட்டைக் கொடியின் வாடையும் நனைந்த மண்ணின் வாடையும் ஜன்னல் வழியாக வந்து வீட்டுக்குள் தங்கிவிட்டன. கலையரசி கூடத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து போனைத் திறந்தாள். மற்ற படங்களைப் போலத்தான் இதுவும். ஓடுகிறவள் விழுந்தாள், விழுந்தவள் திரும்பிப் பார்த்தாள், கத்தி வளைந்தது. தன்னுடைய சாவுக்காக இவள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். அது வந்தது, மூன்று விநாடியில் போய்விட்டது. முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. இதற்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காலி சமையலறை வந்தது. பிணத்தை முகமூடிக்காரன் தூக்கிப் போய்விட்டான் என்று காட்டுவதற்காக எடுத்தது. குழாய் சொட்டுகிறது, மேடை துடைத்திருக்கிறது, பிரிட்ஜின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு நிழல். கலையரசிக்குச் சிரிப்பு வந்தது. அது அவளுடைய நிழல். டீ கிளாஸ்கூடத் தெரிந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்றவளின் நிழல் படத்தில் விழுந்திருக்கிறது, புகழேந்தி கவனிக்கவில்லை. இன்றைக்குக் கிடைத்த தப்பு இது என்று நிறுத்திப் பார்த்தாள்.

அப்போதுதான் திரையின் கீழ் ஓரத்தில் இரண்டு பாதங்களைப் பார்த்தாள்.

தரையில் மல்லாந்து கிடக்கிற ஒருத்தியின் பாதங்கள். மெட்டி போட்டவை. இடது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. போன வருஷம் கேஸ் சிலிண்டர் விழுந்து கறுத்த நகம்.

அவள் போர்வைக்குள்ளிருந்து தன் காலை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு ஷாட்டைச் சேர்த்து ஒட்டியிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் சொல்லிக்கொண்டாள். பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். நிழல், கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனது. பாதங்கள் அசையவில்லை. இரண்டும் ஒரே ஷாட். நின்றுகொண்டிருந்ததும் அவள்தான், கிடந்ததும் அவள்தான்.

கரண்ட் போயிற்று.

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. அந்த இருட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் காலையில் நடந்த ஒன்றை நினைத்தாள். விடிந்ததும் சமையலறைக்குப் போனபோது, எறும்புகள் சுற்றிப் போகிற அந்த இடத்தில் ரோஜாவின் பூப்போட்ட துண்டு விரித்துக் கிடந்தது. உதறிப் போட்ட மாதிரி இல்லை. நான்கு முனையும் இழுத்து, ஒழுங்காக. துவைத்த துண்டைத் தரையில் போட்டாயே என்று குழந்தையைத் திட்டிவிட்டு எடுத்து அங்கேயே ஆணியில் மாட்டினாள். அப்புறம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே ரோஜா பின்கதவுக்குப் போகும்போது நேராகப் போவதில்லை. எறும்பை மிதிக்கக் கூடாதென்று சுற்றிப் போகிறாள் என்று இவள் எண்ணிப் பெருமைப்பட்டிருந்தாள்.

டியூஷன் எடுக்கிற டீச்சருக்குப் போன் போட்டு, ரோஜாவிடம் கொடுக்கச் சொன்னாள். காலையில் துண்டை எதற்குத் தரையில் போட்டாய் என்று கேட்டாள்.

"அவங்களுக்குக் குளுருதும்மா."

"யாருக்குடி?"

"கீழ படுத்துகினு இருக்காங்களே, அவங்களுக்கு. படுத்துகினு இருக்கறவங்கள தாண்டக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன. அதான் சுத்திப் போறேன்." பிறகு ரகசியம் சொல்வது போலக் குழந்தை சொன்னாள்: "இன்னிக்கு என்னைப் பக்கத்துல வந்து படுத்துக்கச் சொன்னாங்க. துண்டு பத்தலயாம்."

போனை டீச்சர் வாங்கிக்கொண்டாள். இங்கேயும் கரண்ட் இல்லை, மழை ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளைகளை இப்போதே ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன், கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள் என்றாள்.

கலையரசி சமையலறைப் பக்கம் திரும்பினாள். மழை நாளில் சேற்றுக் காலோடு கூடத்துக்குள் வரக் கூடாது என்று ரோஜாவைப் பின்கதவு வழியாக வரப் பழக்கியிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் குழந்தை வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே சமையலறைக்குள்தான் வருவாள்.

காந்திமதிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். பயப்படாதே என்றோ பிரமை என்றோ காந்திமதி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ எழுந்து வந்துட்ட. அது எழுந்துக்கல. அதே எடத்துல படுத்து, எழுந்து, சிரிக்கணும் கலை. ஆனா தனியா பண்ணாத. எதிர்ல ஒருத்தர் நின்னு உன்னைப் பேர் சொல்லிக் கூப்புடணும். இல்லன்னா எழுந்துக்கறது யாருன்னு தெரியாது. விக்கிரவாண்டி பக்கம் ரோட்டுல தண்ணி போவுதாம். விடிஞ்சதும் நான் வர்றேன்."

விடியும்வரை என்ன செய்வது என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி போட்டாள். சிக்னல் இல்லை.

பூட்டிக்கொண்டு போய்விடலாம். வாசலில் நின்று ஆட்டோவை மறித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம். எங்கே போவது? எத்தனை நாளைக்கு? இது அவளுடைய வீடு. கடைக்குப் போகிற நேரத்தில், குளிக்கிற நேரத்தில், கொஞ்சம் கண்ணயர்கிற நேரத்தில் குழந்தை இந்தச் சமையலறையில்தான் நடமாடப் போகிறாள். துண்டு பத்தலயாம். அந்தப் படங்களில் இருட்டறைக்குள் தனியாகப் போகிற பெண்களை அவள் எத்தனை திட்டு திட்டியிருப்பாள். போகாதேடி மூதேவி என்று போனைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். அவர்கள் ஏன் உள்ளே போனார்கள் என்று இப்போது புரிந்தது.

போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

வெல்ல வாடை. மூன்று மாதமாகத் துடைத்துத் துடைத்துப் போய்விட்டது என்று நினைத்திருந்த அந்த வாடை, அடுப்பிலிருந்து இறக்கிய பாகு போலச் சூடாகவும் திகட்டலாகவும் மூக்கில் ஏறியது. எறும்பு வரிசை ஒரு விரல் தடிமனுக்கு ஊறிக்கொண்டிருந்தது. இப்போது அது ஒரு பக்கம் மட்டும் வளைந்து போகவில்லை. இரண்டு பக்கமும் போயிற்று. தலை, கழுத்து, தோள், விரித்த ஒரு கை, இடுப்பு, சேர்த்து வைத்த இரண்டு கால்கள். நடுவில் வெறும் டைல்ஸ்.

சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, முன்பக்கக் கேமராவைத் திறந்து, வீடியோவைத் தட்டினாள். திரையின் வெளிச்சம் தரையில் கொஞ்சம் விழுந்தது. ஒரு சிவப்புப் புள்ளி. எதிரில் நின்று கூப்பிட ஆளில்லை. தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டால் ஆகாதா? ஆகும். ஆக வேண்டும். படுத்து, எழுந்து, பல்லைக் காட்டினால் முடிந்தது.

எறும்புகளைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள். உட்கார்ந்தாள். மல்லாந்தாள்.

தரை சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்து உடம்பை இறுக்கியிருந்தாள். சில்லென்று இல்லை. ஆள் இப்போதுதான் எழுந்துபோன பாய் போல வெதுவெதுப்பாக இருந்தது. பின்தலை ஒரு குழிவில் போய் அமர்ந்தது. தோளும் அப்படியே. கை தானாக விரிந்து, அதற்கென்றே இருந்த இடத்தில் விழுந்தது. அளவு சரியாக இருந்தது. ரொம்பச் சரியாக இருந்தது.

போதும். எழுந்துவிடலாம்.

"கலையரசி," என்று சொன்னாள். சொன்னதாக நினைத்தாள். உதடு அசையவில்லை.

கையை ஊன்றப் பார்த்தாள். கை வரவில்லை. வயிறு ஏறி இறங்கவில்லை. கண் திறந்திருந்தது, இமைக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகக் கிடந்தாள், ஒரு தப்பு இல்லாமல். ஓர் எறும்பு கன்னத்தில் ஏறியது. கண்ணோரம் வரை வந்தது. நின்றது. திரும்பிச் சுற்றிப் போயிற்று.

தூரத்தில் ஆட்டோ சத்தம்.

வேண்டாம். இப்போது வேண்டாம். இன்னும் கொஞ்சம்.

ஆட்டோ நின்றது. கிளம்பிப் போயிற்று. சுவரோரமாகச் சளக் சளக்கென்று சின்னக் கால்கள் வந்தன. பின்கதவின் வெளிக் கொக்கியை ரோஜா எம்பி எம்பித் தட்டினாள். கதவு திறந்தது. மழைக் காற்று. நனைந்த யூனிபார்ம் வாடை.

"அம்மா, எழுந்துக்கோம்மா."

அன்றைக்கு வாயைப் பொத்தியதால் தொண்டையிலேயே நின்றுபோன அதே கூப்பாடு. பெயர் அதில் இல்லை.

எழுந்தாள்.

எழுந்துவிட்டேன் என்றுதான் கலையரசி நினைத்தாள். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கனம் விலகியது. நைட்டி சரசரத்தது, முட்டி சொடுக்கியது, மெட்டி டைல்ஸில் கிணுங்கியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு பார்த்தாள். கூரை இன்னும் அதே உயரத்தில் இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாதம். கட்டைவிரல் நகம் கறுப்பு.

நின்றவள் போனைப் பார்த்துத் திரும்பினாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. சிரித்தாள். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. பல் முழுக்கத் தெரிந்தது. முடியவே இல்லை.

ரோஜாவும் சிரித்தாள். அம்மா சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

சேற்றுச் செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தலைக்கருகில் வந்ததும் நின்று, குனிந்து, கலையரசியின் கண்ணுக்குள் பார்த்தாள். குழந்தையின் முடியிலிருந்து ஒரு சொட்டு மழை அவள் கன்னத்தில் விழுந்தது.

"அம்மா, இவங்க அழுவுறாங்க."

நின்றவள் கையை நீட்டினாள். ரோஜா தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, விரித்த கையைச் சுற்றி, எறும்புகள் போன வழியே கவனமாக நடந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மாட்டியிருந்த பூத்துண்டை எடுத்து நின்றவள் குழந்தையின் தலையைத் துவட்டினாள், மெதுவாக, காதுக்குப் பின்னாலும், கலையரசி துவட்டுகிற மாதிரியே.

பிறகு இருவரும் கூடத்துக்குப் புறப்பட்டார்கள். குழந்தை மறுபடி சுற்றிக்கொண்டு போனாள்.

பின்னால் வந்தவள் சுற்றவில்லை. கறுத்த நகம் இருந்த காலைத் தூக்கி, கலையரசியின் முகத்துக்கு மேலாகத் தாண்டிப் போனாள்.